கிரேவி தானாக வருமா?

1965 மார்ச் 10 அன்று நியூயார்க்கின் ப்ளைமவுத் அரங்கில் மேடையேறிய நீல் சைமனின் 'தி ஆட் கப்பிள்' நாடகத்தை, ஒட்டாத இரண்டு குணங்களின் மோதல் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மனைவியைப் பிரிந்த விளையாட்டுச் செய்தியாளன் ஆஸ்கர், போட்டதைப் போட்ட இடத்தில் விடுகிறவன். பன்னிரண்டு வருட மணவாழ்க்கை முறிந்து அவனிடம் வந்து ஒண்டிக்கொள்ளும் ஃபீலிக்ஸோ தூசு கண்டால் தூக்கம் வராதவன். குணங்கள் முட்டிக்கொண்டால் சிரிப்பு வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குணத்தோடு நின்றுவிட்டால், ஒரு காலத்து இல்லற வழக்கத்துக்கு அந்த நாடகம் தரும் சாட்சியம் கைநழுவிப் போகிறது. மனைவி செய்ததால் வேலையென்றே யாரும் எண்ணாத ஒன்று, இரண்டு ஆண்களுக்கு நடுவே வந்து விழுந்ததும் வழக்காகிவிட்டது. நாடகத்தின் சிரிப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் வாதம்.

அந்நாளைய நியூயார்க் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். 1787 முதல் அந்த மாநிலத்தில் விவாகரத்துக்குச் சட்டம் ஒப்பிய ஒரே காரணம் கள்ளத்தொடர்புதான். ஒத்துப்போகவில்லை என்று பிரிய நினைத்த தம்பதியர் அதற்காகவே பொய்சாட்சி தயாரித்தார்கள். ஓட்டல் அறையில் கணவன் கூலிக்கு வந்த பெண்ணோடு உட்கார்ந்திருப்பான். பேசிவைத்தபடி புகைப்படக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார். கையில் காசிருந்தவர்கள் நெவாடாவின் ரீனோ நகருக்குப் போனார்கள். 1931-க்குப் பின் அங்கே ஆறு வாரம் தங்கினாலே வழக்குத் தொடுக்கலாம். இப்படிப் பிரிந்த ஆண்கள் ஜீவனாம்சமும் கட்டி வாடகையும் கொடுக்கத் திணறியதில் சேர்ந்து குடியிருக்கும் ஏற்பாடு பிறந்தது. சைமனின் அண்ணன் டேனி மணமுறிவுக்குப் பிறகு, தம்மைப் போலவே மனைவியைப் பிரிந்திருந்த ராய் கெர்பர் என்ற கலைஞர் முகவரோடு அப்படித்தான் வாழ்ந்தார். அந்த வீட்டுக் கூத்தை நாடகமாக்கத் தொடங்கியவரும் டேனிதான். அவரால் முடியாமல் போகவே தம்பி எழுதினார். நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1966-இல், சட்டம் திருத்தப்பட்டு கொடுமையும் கைவிடுதலும் விவாகரத்துக்குக் காரணங்களாக ஏற்கப்பட்டன.

நாடகத்தின் உள்ளே போனால் சான்றுகள் சமையலறையில்தான் கிடைக்கின்றன. முதல் காட்சியில் குளிர்சாதனப் பெட்டி இரண்டு வாரமாகப் பழுது. சீட்டாட வந்தவர்களுக்கு ஆஸ்கர் நீட்டும் சாண்ட்விச்சுகள் பச்சையும் பழுப்புமாக இருக்கின்றன. எட்டு அறை வீட்டில் தனியாளாகக் கிடக்கிறான், ஜீவனாம்சமும் பாக்கி. இதையும் ஒரு ஒழுங்கு என்றே சொல்வேன். வாராவாரம் அதே சீட்டாட்டம், அதே நண்பர்கள், அதே புகை. ஃபீலிக்ஸ் வந்து குலைப்பது இந்த ஒழுங்கைத்தான். பிறகு வருகிறது லண்டன் பிராய்ல் என்ற இறைச்சி உணவை வைத்து நடக்கும் காட்சி. விருந்துக்கு இரண்டு சகோதரிகளை அழைத்திருக்கிறார்கள். ஆஸ்கர் தாமதமாக வந்து சேர, ஃபீலிக்ஸ் கையில் கரண்டியோடு நின்று, இறைச்சி வறண்டுபோகிறதே என்று பொருமுகிறான். கிரேவி ஊற்றிக்கொள்ளலாமே என்கிறான் ஆஸ்கர். இறைச்சியை வேகவைத்தால் கிரேவி தானாக வந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. அதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குப் புதுச்செய்தி. மணமாகிக் குடும்பம் நடத்திய ஒருவன் அதுவரை இதை அறியாமல் இருந்திருக்கிறான்! அரங்கு சிரித்த அந்த அறியாமையை ஒரு ஆளின் குணமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது ஒரு தலைமுறை ஆண்கள் வளர்க்கப்பட்ட விதம்.

பொருந்தாத ஜோடி பழைய சரக்கு, டான் கிஹோத்தேயும் சாஞ்சோவும் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் அங்கே ஒருவன் எஜமான், மற்றவன் பணியாள். வேலை யாருடையது என்ற கேள்வி எழவே இடமில்லை. ஆஸ்கரும் ஃபீலிக்ஸும் சமமானவர்கள். அதனால்தான் ஒவ்வொரு சாம்பல் கிண்ணமும் தகராறாகிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இரு மனைவியரும் மேடைக்கு வருவதேயில்லை, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பதோடு சரி, பெண்ணின் உழைப்பைப் பற்றிய நாடகம் என்று இதை எப்படிச் சொல்வது? குறை நியாயமானது. சைமன் பெண்களுக்காக வழக்காடவில்லை, ஆண்களின் தனிமையைத்தான் எழுதினார். ஆயினும் மனைவியர் மேடையில் இருந்திருந்தால் அந்தக் கிரேவி பேசாமல் மேசைக்கு வந்திருக்கும். அவர்கள் இல்லாததால்தான் அது உரையாடலுக்குள் நுழைந்தது. ஃபீலிக்ஸின் சிக்கனத்தால் ஆஸ்கரின் ஜீவனாம்ச பாக்கி தீர்வதையும் கவனிக்க வேண்டும். வீட்டை நடத்தும் வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்பதை நாடகமே கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறது.

1985-இல் சைமன் இதையே ஆலிவ், ஃபிளாரன்ஸ் என்ற இரு பெண்களை வைத்துத் திருத்தி எழுதினார். ஆண்களின் நாடகம் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. இது ஒரு வருடத்தை எட்டவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கடிந்துகொண்டால் பார்க்கிறவர்களுக்கு அதில் வியப்பே இல்லை என்பதுதான்.