சஹாராவின் புழுதி



1832 ஜனவரியில் பீகிள் கப்பலில் சென்ற சார்லஸ் டார்வின், கேப் வெர்டேத் தீவுகளருகே காற்றில் வந்து படிந்த நுண்புழுதியைச் சேகரித்தார். அது ஆப்பிரிக்காவிலிருந்து வருவதென்று 1846-இல் எழுதினார். அப்புழுதி கடல் தாண்டிச் செய்யும் பணியோ வெகுகாலம் அளக்கப்படவில்லை.

காலிப்ஸோ செயற்கைக்கோளின் 2007 முதல் 2013 வரையிலான அளவீடுகளை ஆராய்ந்தவர்கள் 2015-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் சராசரியாக 2.77 கோடி டன் சஹாராப் புழுதி, அட்லாண்டிக் கடலைக் கடந்து அமேசான் காட்டில் இறங்குகிறது. அதில் தாவரங்களுக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். மழையும் வெள்ளமும் அக்காட்டு மண்ணிலிருந்து அரித்துச் செல்வதும் ஏறத்தாழ அவ்வளவே! சுப்ஹானல்லாஹ்!

“இதெல்லாம் எங்கள் வேதத்தில் அன்றே உள்ளது” என்று மார்தட்டச் சிலர் முந்துவர். அது எளிது. ஆலு இம்ரான் அத்தியாயம் புகழ்வதோ, வானங்கள் பூமியின் படைப்பைச் சிந்தித்து, இவற்றில் எதுவும் வீணன்று என உணர்வோரை. சிந்திக்காமல் பெருமை பேசுவோருக்கு அப்புகழில் பங்கேது?

‘ஒன்றுக்கும் உதவாத நிலம்’ என்று எவரும் ஒதுக்கிவிடக்கூடிய இடம், சாத் நாட்டின் போடெலே பள்ளம். அப்புழுதியின் ஊற்றுகளுள் அதுவும் ஒன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மாபெரும் ஏரி இருந்தது. நீர் வற்றிப்போயிற்று, அதில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் இன்றும் காற்றேறிப் புறப்படுகிறது.