பிரியகீதா டியா

பிரியகீதா டியா (பிறப்பு: 1992): சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் காட்சிக் கலைஞர். புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் பிறந்த மண்ணில் தமக்கான இடத்தைத் தேடுவதே இவருடைய கலையின் அடிநாதம்.

பொதுவெளிப் படைப்புகள்: 2017இல், லசால் கலைக் கல்லூரி மாணவியாக இருந்தபோது, ஜாலான் ராஜா வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி ஒன்றின் மாடிப்படிகளில் தங்கநிறத் தாளை ஒட்டினார். சாம்பல் நிறச் சிமெண்டுப் படிகள் பளபளத்தன. அனுமதியற்ற செயல் என்றது நகர மன்றம். பொது இடம் யாருக்கு உரியது என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. 2018 தேசிய தின மாதத்தில் அதே வட்டாரத்தில் தங்கநிறக் கொடிகளைத் தொங்கவிட்டார்; அவை பின்னர் அகற்றப்பட்டன.

பின்னணி: சிங்கப்பூரின் வீவக பேட்டைகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒவ்வோர் இனத்தவருக்கும் விகித வரம்பு உண்டு. பல இனத்தார் கடந்துசெல்லும் தாழ்வாரமும் படிக்கட்டும் அங்கு வளரும் பிள்ளைகளுக்கு அடையாளம் உருவாகும் களங்கள். ஆகவே இவர் படிக்கட்டைத் தேர்ந்தது பொருள் பொதிந்த முடிவு.

தோட்ட வரலாறு: பிற்காலக் காணொளிப் படைப்புகளில், மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வரலாற்றைக் கணினி வரைகலையால் மீட்டெழுப்புகிறார். காலனிய ஆவணங்களில் பெயரற்ற கூலிகளாகப் பதிவானோருக்கு இப்படைப்புகள் உடலும் மாண்பும் தருகின்றன.

உலக அரங்கு: கொச்சி-முசிறிஸ் பினாலே (2022), ‘எங்கும் அந்நியர்கள்’ என்ற கருப்பொருளில் நடந்த 60ஆவது வெனிஸ் பினாலே (2024) ஆகியவற்றில் இவர் படைப்புகள் இடம்பெற்றன.