கொலம்பியா விண்ணோட மீட்புத் திட்டம்

கொலம்பியா விண்ணோட மீட்புத் திட்டம் என்பது, 2003 ஆம் ஆண்டில் கொலம்பியா விண்ணோடத்தில் சிக்குண்ட ஏழு விண்வெளி வீரர்களை, அட்லாண்டிசு என்னும் மற்றொரு விண்ணோடத்தை அனுப்பிக் காப்பாற்றியிருக்க இயலுமா என்பதை அறியும் பொருட்டு, விபத்துக்குப் பின்னர் வரையப்பட்ட திட்டம் ஆகும். கொலம்பியா விபத்து விசாரணை வாரியத்தின் வேண்டுகோளுக்கு இணங்க ஐக்கிய அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதனைத் தயாரித்தது. இத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. எனினும், ஆபத்தில் உள்ளவர்களைக் காப்பாற்ற மேலும் சிலரை அதே ஆபத்துக்கு உட்படுத்தலாமா என்ற வினாவை ஆராயும்போது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வாக இது விளங்குகின்றது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா அவ்வெழுவருள் ஒருவர் ஆவார்.

பின்னணி

கொலம்பியா விண்ணோடம் எசு.டி.எசு-107 என்ற பயணத்திற்காக 2003 சனவரி 16 அன்று புளோரிடா மாநிலத்தின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஏவப்பட்டது. ரிக் ஹஸ்பண்ட் கட்டளைத் தளபதியாகவும், வில்லியம் மெக்கூல் விமானியாகவும் பணியாற்றினர். மைக்கேல் ஆண்டர்சன், கல்பனா சாவ்லா, டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இசுரேல் நாட்டைச் சேர்ந்த இலான் ரமோன் ஆகியோர் ஏனைய உறுப்பினர்கள். அரியானா மாநிலத்தின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவுக்கு இது இரண்டாவது விண்வெளிப் பயணம். 1997 இல் மேற்கொண்ட முதற் பயணமும் இதே கொலம்பியாவில்தான் அமைந்தது.

ஏவப்பட்ட சுமார் 82 ஆவது நொடியில், வெளி எரிபொருள் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து பெயர்ந்த வெப்பக்காப்பு நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். மோதிய வேகம் மணிக்கு 700 முதல் 900 கிலோமீட்டர் வரை இருக்கலாம் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. இறக்கையின் முன்விளிம்பு வலுவூட்டப்பட்ட கார்பன் தகடுகளால் ஆனது. பூமிக்குத் திரும்பும்போது வளிமண்டல உராய்வால் எழும் 1,600 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தைத் தாங்குவது இத்தகடுகளே. அங்கு ஏற்படும் துளை வழியாகச் சூடான வளிமம் உட்புகுந்தால், உள்ளிருக்கும் அலுமினியச் சட்டகம் உருகிவிடும்.

கேட்கப்பட்ட படங்கள்

ஏவுதலின் மறுநாள் ஒளிப்படச் சுருள்களை ஆராய்ந்த பொறியியலாளர்கள் நுரை மோதியதைக் கண்டனர். ஆனால் சேதத்தின் அளவு அப்படங்களில் தெரியவில்லை. எனவே சுற்றுப்பாதையில் உள்ள விண்ணோடத்தைப் பாதுகாப்புத் துறையின் கருவிகளைக் கொண்டு படமெடுக்க வேண்டும் என மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் எழுந்தன. இம்மூன்றும் நிறைவேறவில்லை.

இத்தகைய படங்களை எல்லா வானாய்வகங்களாலும் எடுத்துவிட முடியாது. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, வானில் மெதுவாக நகரும் விண்மீன்களை நெடுநேரம் பின்தொடரும் வகையில் அமைக்கப்பட்டது. விண்ணோடமோ சில நிமிடங்களில் அடிவானத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சென்றுவிடும். அதனைத் தொடர்ந்து நோக்க, விரைந்து திரும்பும் சிறப்புத் தொலைநோக்கிகள் தேவை. ஹவாய் தீவுகளில் அமெரிக்க வான்படை அத்தகைய தொலைநோக்கிகளை வைத்திருந்தது.

படங்கள் இல்லாத நிலையில், சேதத்தை மதிப்பிட ஒரு கணினிக் கணிப்பு முறை பயன்படுத்தப்பட்டது. அது மிகச் சிறிய துண்டுகளுக்காக உருவாக்கப்பட்டது. மோதிய துண்டோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லை என்ற முடிவுக்குப் பணி மேலாண்மைக் குழு வந்தது. சனவரி 23 அன்று தளபதிக்கும் விமானிக்கும் அனுப்பப்பட்ட மின்னஞ்சலில், நுரை மோதல் பற்றித் தெரிவிக்கப்பட்டு, கவலைக்கு இடமில்லை என்றும் கூறப்பட்டது.

2003 பெப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்புகையில், தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடங்கள் இருந்தபோது, டெக்சாசு மாநிலத்தின் மேலே கொலம்பியா சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு சூலையில் நடந்த சோதனையில், ஒத்த அளவுள்ள நுரைத் துண்டு ஒன்று கார்பன் தகட்டின்மீது செலுத்தப்பட்டபோது, சுமார் 40 சென்ரிமீட்டர் அகலத் துளை உண்டாயிற்று.

மீட்புக்கான கால எல்லை

கொலம்பியா, நிலநடுக்கோட்டுக்கு 39 பாகை சாய்வான பாதையில் சுற்றியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதை 51.6 பாகை சாய்வுடையது. ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறுவதற்கான எரிபொருள் கொலம்பியாவில் இல்லை. ஆகவே நிலையத்தில் தஞ்சம் அடையும் வாய்ப்பு கிடையாது.

விண்ணோடத்திலேயே காத்திருப்பதானால், முதலில் தீர்ந்துபோவது உணவோ நீரோ அன்று. வீரர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஐதராக்சைடு கலன்களே கால எல்லையை வகுத்தன. மின்கருவிகளை நிறுத்தி, உடல் உழைப்பைக் குறைத்து, பெரும்பாலும் ஓய்விலும் உறக்கத்திலும் இருந்தால், பயணத்தின் 30 ஆவது நாள் வரை, அதாவது பெப்ரவரி 15 காலை வரை தாக்குப்பிடிக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது.

அதே வேளையில் அட்லாண்டிசு, மார்ச் 1 இல் செல்லவிருந்த பயணத்துக்காகக் கென்னடி மையத்தில் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. அதன் முதன்மை இயந்திரங்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. இரவு பகலாக வேலை செய்து, இன்றியமையாத சோதனை எதையும் விடாமல், பெப்ரவரி 10 அளவில் அதனை ஏவ முடியும் என நாசா மதிப்பிட்டது. இதன்படி மீட்புக்கு எஞ்சுவது ஐந்து நாட்களே.

மீட்புத் திட்டம்

திட்டத்தின் முதற் படி, சேதத்தை உறுதி செய்வது. இப்பயணத்தில் இயந்திரக் கை எடுத்துச் செல்லப்படவில்லை. ஆதலால் வீரர் இருவர் விண்வெளி நடை மேற்கொண்டு, சரக்கு அறையின் கதவைக் கடந்து இறக்கையை நேரில் பார்க்க வேண்டும். கொலம்பியாவில் இரண்டு விண்வெளி நடை உடைகள் இருந்தன.

அட்லாண்டிசில் தளபதி, விமானி, விண்வெளி நடை வீரர் இருவர் என நால்வர் மட்டும் செல்வர். இரு ஓடங்களும் சரக்கு அறைகள் ஒன்றையொன்று நோக்கும் வண்ணம் சில மீட்டர் இடைவெளியில் நிற்கும். இணைப்புக் கருவி ஏதும் இல்லாததால், மீட்புப் பணி முடியும்வரை விமானிகள் கையால் இயக்கியே இவ்விடைவெளியைப் பேண வேண்டும். உடைகளை மாறி மாறி அணிந்து, கொலம்பியாவின் வீரர்கள் ஒருவர் அல்லது இருவராக மறுகரை சேர்வர். இதற்கு எட்டு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும் என மதிப்பிடப்பட்டது. பின்னர் பதினொருவருடன் அட்லாண்டிசு தரையிறங்கும். கொலம்பியா தரைக்கட்டுப்பாட்டின் வழியே இயக்கப்பட்டுப் பசிபிக் பெருங்கடலில் வீழ்த்தப்படும்.

துளையை விண்வெளியிலேயே அடைப்பதும் ஆராயப்பட்டது. ஓடத்தில் உள்ள உலோகத் துண்டுகளையும், உறைந்து பனியாகும் நீர்ப்பையையும் துளைக்குள் வைத்து அடைப்பது இம்முறை. ஆனால் அது தரையிறங்கும் வரை வெப்பத்தைத் தாங்குமா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தது.

இடரை எடைபோடல்

இத்திட்டத்தின் பெருஞ்சிக்கல் காலக்குறைவு மட்டுமன்று. அட்லாண்டிசும் அதே வகை எரிபொருள் தொட்டியுடன்தான் ஏவப்படும். நுரை பெயர்வதன் காரணம் அப்போது கண்டறியப்படவில்லை. அதைத் திருத்தக் காலமும் இல்லை. 2002 அக்டோபரில் அட்லாண்டிசே பறந்தபோது, தொட்டியின் அதே பகுதியிலிருந்து நுரை பெயர்ந்திருந்தது. மீட்கச் செல்லும் ஓடமும் சேதமடைந்தால், ஏழு உயிர்களுக்குப் பதிலாகப் பதினொரு உயிர்கள் இழக்கப்படும்.

மறுபுறம், மீட்பு அனுப்பப்படாவிடில் எழுவரின் இறப்பு ஏறக்குறைய உறுதி. நுரை பெயர்ந்த பல பயணங்கள் பாதுகாப்பாக முடிந்ததும் உண்மை. எனவே ஒரு புறம் உறுதியான இழப்பும், மறு புறம் நிகழக்கூடிய, ஆனால் பெரிய இழப்பும் இருந்தன. 2003 ஆகஸ்ட் 26 இல் வெளியான விசாரணை வாரியத்தின் அறிக்கை, மீட்பு கடினமானதாயினும் இயலக்கூடியதே என முடிவு செய்தது. ஆயினும் அதற்கு எல்லாப் பணிகளும் தவறின்றி நடந்தேற வேண்டும் என்பதையும், சேதம் முதல் சில நாட்களுக்குள் அறியப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சுட்டியது. படம் எடுக்கப்படாததால், இவ்வினாவை உரிய காலத்தில் எவரும் எதிர்கொள்ளவில்லை. தம்மைப் பற்றிய முடிவில் கருத்துக் கூறும் வாய்ப்பு கொலம்பியா வீரர்களுக்கும் கிட்டவில்லை.

பிற்கால விளைவுகள்

2005 சூலையில் விண்ணோடங்கள் மீண்டும் பறந்தபோது, நீண்ட கோலில் பொருத்திய கருவிகளால் ஒவ்வொரு ஓடத்தின் வெப்பக்காப்பும் விண்ணிலேயே சோதிக்கப்பட்டது. சேதம் காணப்பட்டால் வீரர்கள் விண்வெளி நிலையத்தில் தங்கி மீட்பு ஓடத்துக்காகக் காத்திருக்கலாம்.

ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் பயணத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. அப்பயணம் 2004 இல் கைவிடப்பட்டு, 2006 அக்டோபரில் மீண்டும் ஏற்கப்பட்டது. 2009 மே 11 இல் அட்லாண்டிசு ஏழு பேருடன் புறப்பட்டபோது, நால்வர் செல்லக்கூடிய மீட்புப் பயணத்துக்காக எண்டெவர் விண்ணோடம் மற்றொரு ஏவுதளத்தில் ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தது. அது தேவைப்படவில்லை, அட்லாண்டிசு மே 24 இல் பாதுகாப்பாகத் திரும்பியது.

2024 சூனில் இந்திய வம்சாவளியினரான சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் சென்ற ஸ்டார்லைனர் விண்கலத்தில் உந்துபொறிக் கோளாறுகள் தோன்றின. அதில் அவர்களைத் திருப்பி அழைப்பதில்லை என 2024 ஆகஸ்ட் 24 இல் நாசா முடிவெடுத்தது. அப்போதைய நாசா தலைவர் பில் நெல்சன், சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளின் படிப்பினைகளை அவ்வேளையில் நினைவுகூர்ந்தார். ஸ்டார்லைனர் ஆளின்றிப் பத்திரமாகத் தரையிறங்கியது. இருவரும் 2025 மார்ச் 18 இல் வேறொரு விண்கலத்தில் பூமி திரும்பினர்.

நினைவுகூரல்

2002 செப்டம்பரில் ஏவப்பட்ட இந்திய வானிலைச் செய்மதியான மெட்சாட்-1, 2003 பெப்ரவரி 5 அன்று கல்பனா-1 எனப் பெயர் மாற்றப்பட்டது. துணிவுமிக்க செயல் புரிந்த பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு விடுதலை நாளன்று வழங்கும் விருதும் கல்பனா சாவ்லாவின் பெயரைத் தாங்கியுள்ளது. எழுவரின் பெயர்களும் ஏழு சிறுகோள்களுக்குச் சூட்டப்பட்டுள்ளன.