எண், பெயர், சாதி, கிராமம்: கப்பல் பதிவேடுகளில் தென்னார்க்காட்டுச் சேரிகள்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் எளிய கேள்வி. நம் குடும்பத்தின் பெயர் முதன்முதலில் எந்தத் தாளில் எழுதப்பட்டது? தாத்தாவின் பெயர் நமக்குத் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் சில வீடுகளில் தெரியும். அதற்கு மேலே போனால் குலதெய்வத்தின் பெயர்தான் மிஞ்சுகிறது. நிலம் வைத்திருந்தவருக்குப் பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. கோயிலுக்குத் தானம் கொடுத்தவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. நிலத்தை உழுதவருக்கும் கோயிலுக்குள் விடப்படாதவருக்கும் என்ன இருக்கிறது?

இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரிசு கேட்டால் பதில் வேறு. 1538 முதல் அங்கே ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று ஆணை இருந்தது. 1837-ல் பிறப்பு, இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுதோறும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. அங்கிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி ஒரு காலனியில் குடியேறியிருந்தால், தேவாலய ஏடு, கணக்கெடுப்பு, கப்பல் பட்டியல், நிலப் பத்திரம் என்று படிப்படியாக இறங்கி வந்து அதன் கதையை முழுதாகச் சொல்லிவிடலாம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1849-லிருந்து 1851 வரை சுமார் 5,000 பிரிட்டிஷ் குடியேறிகள் அங்கே இறங்கினார்கள். ஜோசப் பர்ன் என்பவரின் திட்டத்தில் வந்தவர், கப்பலின் கீழ்த்தட்டில் பயணம் செய்ய 10 பவுண்டு கட்டினால் போதும். அதற்குள்ளேயே 20 ஏக்கர் நிலமும் சேர்த்தி. ஷீலா ஸ்பென்சர் என்ற ஆய்வாளர், 1824 முதல் 1857 வரை நேட்டாலில் குடியேறிய பிரிட்டிஷாரைப் பற்றிக் குடும்பம் குடும்பமாக, அகர வரிசையில், பல தொகுதிகளாக வாழ்க்கைக் குறிப்பு அகராதியே தொகுத்திருக்கிறார். யார் மகன், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த நிலம் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் குடியேறிகள் கரும்பு பயிரிட்டார்கள். கரும்புக்கு ஆள் வேண்டும். சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலு மக்கள் வெள்ளைக்காரத் தோட்டத்தில் ஆண்டு முழுக்கக் கூலி செய்ய முன்வரவில்லை. எனவே 1859-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911-ல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படுவதற்குள் நேட்டாலில் இறக்கப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஆகிய மாவட்டங்களின் பெயர்கள் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. நாம் நிற்கும் இந்த நெய்வேலி மண்ணும் அன்றைய தென்னார்க்காடுதான்.

வெள்ளைக் குடியேறிக்கு 20 ஏக்கர். நம் ஆளுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஊர் திரும்பும் இலவசப் பயணத்துக்குப் பதிலாக நிலம் பெறலாம் என்ற விதி சில காலம் இருந்தது. மிகச் சிலருக்கே அது கிடைத்தது. 1891-ல் அந்த விதியையும் நீக்கினார்கள். 1895-ல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குபவர் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றார்கள். ஒரே கடற்கரையில் இறங்கிய இரண்டு வகை மனிதர்கள். ஒருவரை நிலத்தோடு சேர்த்து எழுதினார்கள், மற்றவரை முதலாளியோடு சேர்த்து எழுதினார்கள்.

பதிவேட்டின் கட்டங்கள்

நேட்டால் கப்பல் பதிவேடுகள் இன்று டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். முதல் கட்டத்தில் காலனி எண். அடுத்து பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம். பிறகு ஜில்லா, தாலுகா, கிராமம். உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். கடைசியில் யாருடைய தோட்டத்துக்கு ஒப்படைக்கப்பட்டார் என்ற விவரம். சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பட்டியல்களை வைத்தே 1902 வரையிலான நேட்டால் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஃபிஜிக்குக் கல்கத்தாவிலிருந்து போன 45,439 பேரின் பயண அனுமதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தவர் பிரிஜ் லால். அவரே ஓர் ஒப்பந்தக் கூலியின் பேரன். மொரிஷியஸில் கூலிகளின் புகைப்படங்கள்கூட உண்டு. அவை மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

எதற்காக இவ்வளவு விவரம் எழுதினார்கள்? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. தழும்பும் உயரமும் போலீசுக்கான அடையாளங்கள். எண் இருந்தது கணக்கு தவறாமல் இருக்க. சாதியைக் கேட்டது, எவன் வேலைக்குப் பணிவான், எவன் எதிர்த்துப் பேசுவான் என்ற தோட்டக்காரர்களின் கணக்குக்கும் உதவியது. நம் மீது அன்பு வைத்து யாரும் அந்த ஏட்டை எழுதவில்லை.

ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: நம்மில் பல குடும்பங்களுக்கு, சேரியில் வாழ்ந்த ஒரு தனி மனிதரின் பெயர், தகப்பன் பெயர், கிராமம் மூன்றும் ஒரே வரியில் எழுதப்பட்ட முதல் அரசு ஆவணம் இதுதான். ஊர்க் கணக்கில் நாம் எப்படி எழுதப்பட்டோம்? நில அளவை வரைபடத்தில் 'பறைச்சேரி நத்தம்' என்று ஒரு துண்டு இருக்கும். அதற்குள் எத்தனை வீடு, யார் வீடு என்ற பெயர் இருக்காது. 1843-ல் அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்படும்வரை, நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற சாசனங்கள் இருந்தன. அங்கே பெயர் இருந்தாலும் அது சொத்துப் பட்டியலில் இருந்த பெயர். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, தரிசு நிலத்துக்கு மனுப்போட்ட பறையர்களை மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டி எப்படித் தடுத்தார்கள் என்று விளக்கியது. அதன் தொடர்ச்சியாகவே 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. நிலம் இல்லை என்றால் பட்டா இல்லை, பட்டா இல்லை என்றால் பெயர் இல்லை. இந்த நிலையில்தான், 1876–78 பஞ்சம் போன்ற காலங்களில், சேரி காலியாகிக் கப்பலேறியது.

இங்கிலாந்துக் குடும்பத்துக்குக் கப்பல் பட்டியல் கதையின் நடுப்பக்கம். நமக்கு அது முதல் பக்கம்.

பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தை அரசு வற்புறுத்தியதால் பெண்களும் ஏற்றப்பட்டார்கள். கணவனோடு போனாலும் தனியாகப் போனாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. கூலி ஆணில் பாதி. பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடி, கையுத்ரா பகதூர் 2013-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1903-ல் கல்கத்தாவில் கர்ப்பிணியாக, துணையின்றிக் கப்பலேறிய பெண் அவர். பதிவேட்டின் ஒரு வரியிலிருந்து தொடங்கியது அந்தத் தேடல். நம் முனியம்மாக்களுக்கும் அஞ்சலைகளுக்கும் அப்படி வரிகள் இருக்கின்றன. எழுதத்தான் ஆள் இல்லை.

எழுதப்பட்டதை எப்படிப் படிப்பது

பதிவேட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். தகப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. சாதிக் கட்டத்தில் 'பறையா' என்ற சொல் ஏராளம். சிலர் அதைக் கப்பலிலேயே கைவிட்டு, இறங்கிய பிறகு வேறு பட்டப்பெயர் சூட்டிக்கொண்டதையும் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். அதைப் பொய் என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்? ஊர் சுமத்திய பெயரைக் கடலில் போட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். அதே சமயம் கடல் தாண்டியும் சாதி சிலரோடு கூடவே போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தேடும் மாணவர்கள் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். கிராமப் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தேடாமல், வாய்விட்டுப் படித்துக் காதால் தேடுங்கள். மாவட்ட எல்லையை நம்பாதீர்கள். 1993-ல் தென்னார்க்காடு கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனியானது. மிஷன் ஏடுகளைப் பாருங்கள். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் வேலை தொடங்கியது. புதுச்சேரியில் கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு முன்பே இருந்தது. ஞானஸ்நான ஏட்டில் தாய், தகப்பன் பெயர் இருக்கும். பிரெஞ்சுக்காரர் பக்கத்தையும் விடாதீர்கள். நம் மாவட்டம் சூழ்ந்திருந்த புதுச்சேரியிலிருந்து 1853-ல் 'ஓரேலி' என்ற கப்பல் கூலிகளோடு மார்த்தினிக் தீவுக்குப் போயிருக்கிறது.

நம் தலைவர்களில் ஒருவர் இந்த மக்களை நேரில் கண்டவர். 'பறையன்' இதழை நடத்திய இரட்டைமலை சீனிவாசன், நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊர் திரும்பி, சட்டமன்றத்தில் நுழைந்து, அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனார். கூண்டில் நின்ற கூலியின் தமிழைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றும் வேலையை ஒரு தலித் செய்தார் என்பது சிறிய செய்தி இல்லை.

தாள் இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் மக்கள் பெரும்பாலும் கங்காணியின் பின்னால் போனார்கள். அங்கே நேட்டால் போல ஆளுக்கொரு வரி எழுதிய முழுமையான ஏடு இல்லை. பற்று வரவு கங்காணியின் கையில் இருந்தது. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் அந்த மண்ணில் பிறந்ததை, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததை நிரூபி என்று கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் தாள் ஏது? மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. தலைகளை எண்ணினார்கள், யாருடைய விருப்பத்தையும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூலிகளானார்கள்.

இப்போது நம் காலடிக்கு வருவோம். 1935-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து கறுப்பு மண் வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் கதையைச் சொல்வது வழக்கம். 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், 1961-ல் வெளிப்பட்ட நிலக்கரி. இந்த வரிசையில் நிலத்துக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்கிறது, பிரதமர் பெயர் இருக்கிறது. சுரங்கத்துக்குள் போன ஊர்களின் சேரியில் யார் யார் இருந்தார்கள் என்பது இல்லை. 1894 நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தின் மீது உரிமை உள்ளவரோடு பேசியது. பிறர் நிலத்தில் நாற்று நட்டவரோடும் குத்தகை எழுதாமல் உழுதவரோடும் அது பேசவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது நாடே பார்த்தது. பட்டாதாரரின் இழப்பைப் பற்றிப் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். அந்த வயலில் களை எடுத்த பெண்ணின் இழப்பு எந்தப் பட்டியலில் ஏறியது?

நாளை டர்பனிலிருந்து ஒரு கொள்ளுப்பேத்தி, பதிவேட்டின் நகலோடு, விருத்தாசலம் தாலுகாவில் ஒரு கிராமத்தைத் தேடி வரலாம். அந்தக் கிராமம் இருந்த இடத்தில் சுரங்கம் இருக்கலாம். அவளிடம் தாளாவது இருக்கிறது. அதே கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, மாற்றுக் குடியிருப்பில் இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்ட நம் பிள்ளையிடம் அதுவும் இல்லை. இருவரும் ஒரே சேரியின் வாரிசுகள். சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் அலைந்த ஒவ்வொரு மாணவருக்கும் இதன் பொருள் புரியும்.

காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்த எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, 1965-லிருந்து நாடு முழுக்க அலைந்து, தீண்டாமை பற்றிய சாட்சியங்களைக் கேட்டு எழுதி 1969-ல் அறிக்கை தந்தது. வாயால் சொன்னதை அரசு மறுக்க முடியாத தாளாக மாற்றிய வேலை அது. அந்த வேலையை நம் அளவில் தொடரலாம். சுரங்கத்துக்குப் போன ஒவ்வொரு ஊரின் சேரிக்கும் ஒரு பதிவேடு தொடங்குவோம். வீட்டுக்கு ஒரு பக்கம். பழைய ரேஷன் கார்டு, ஒப்பந்தத் தொழிலாளர் அடையாள அட்டை, மாற்றுமனை ஒதுக்கீட்டுக் கடிதம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், எது இருந்தாலும் நகலெடுப்போம். தாள் இல்லாத வீட்டில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்வோம். நாளும் இடமும் எழுதி அவர் கைநாட்டை வாங்குவோம்.

கட்டங்களை இந்த முறை நாம் போடுவோம். எண் வேண்டாம். தழும்பு வேண்டாம். பெயர், தாயின் பெயர், தகப்பன் பெயர், ஊர், செய்த வேலை, விட்டுவந்த மரம், கிணறு, சுடுகாடு, குலதெய்வம். இதில் எதை முதலில் எழுத வேண்டும் என்பதை அந்தந்தச் சேரியே முடிவு செய்யட்டும். பாட்டிமார் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.