கொவெர்னத்தோரே: சட்டம் அறியாத பதவிப்பெயர்

இத்தாலிய நாளேடுகள் லொம்பார்தியா, வெனெத்தோ, கம்பானியா முதலிய வட்டாரங்களின் அரசுத் தலைவரைக் குறிக்க அன்றாடம் வழங்கும் ‘கொவெர்னத்தோரே’ என்னும் சொல், அந்நாட்டு அரசியலமைப்பில் அப்பொருளில் ஓரிடத்திலும் காணப்படவில்லை. 1948இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், ‘ரெஜோனே’ எனப்பெறும் வட்டாரத்துக்குப் பேரவை, ‘ஜூந்தா’ என்னும் செயற்குழு, அதன் தலைவர் என மூன்று உறுப்புகளை வகுத்து, தலைவரைப் ‘பிரெசிதெந்தே’ என்றே அழைக்கிறது.

கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவனைச் சுட்டிய சொல்லே இலத்தீனில் ‘குபெர்னாதோர்’ ஆகி, மீகாமனோடு நாட்டை நடத்துபவனையும் குறிக்கலாயிற்று. இத்தாலி மண்ணிலோ அது பெரும்பாலும் மேலிருந்து அமர்த்தப்படுபவரின் பெயராகவே வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் மிலானை ஆள ஸ்பானிய மன்னர் அனுப்பியவரும், 1925இல் பாசிச அரசு ரோம் நகருக்கு மேயருக்கு மாற்றாக நியமித்தவரும் கொவெர்னத்தோரேக்களே. (இத்தாலிய மைய வங்கியின் தலைவர் இன்றும் சட்டப்படியே இப்பெயருக்கு உரியவர்.)

சிறப்புரிமை பெறாத பொதுநிலை வட்டாரங்களுக்கு முதன்முதலாக 1970இல் தேர்தல் நடந்தபோது மக்கள் பேரவையை மட்டுமே தேர்ந்தெடுத்தனர். தலைவரைப் பேரவை தன் உறுப்பினருள்ளிருந்து தெரிவு செய்ததால், கட்சிகளின் பேரம் மாறினால் அவரும் மாறினார், அத்தகையவருக்குப் பெரிய பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 1999ஆம் ஆண்டின் திருத்தமே நிலைமையைப் புரட்டியது. மறுஆண்டு முதல், அழியாத பென்சிலால் வாக்குச்சீட்டில் கோடிடும் வாக்காளர் தலைவர் வேட்பாளரின் பெயரையே நேரடியாகத் தேர்ந்தார். கட்சிச் சின்னத்தில் மட்டும் கோடிட்டால் அவ்வாக்கு அக்கட்சி சார்ந்த வேட்பாளருக்கும் சேரும், பல வட்டாரங்களில் ஒருவரைத் தலைவராகவும் எதிரணிக் கட்சியைப் பேரவைக்காகவும் தேர்வதற்கும் இடமுண்டு. பெரும்பாலும் ஒரே சுற்றில் முடிவு தெரிந்துவிடும். தொஸ்கானாவில் மட்டும் எவரும் 40 விழுக்காட்டை எட்டாவிடில் இரண்டாம் சுற்று நடைபெறும்.

இவ்வாறு வென்றவர் செயற்குழுவினரைத் தாமே நியமிக்கவும் நீக்கவும் செய்வார்; அவர் பதவி விலகினாலோ, இறந்தாலோ, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்ந்தாலோ பேரவையும் உடன் கலைவதால், அவரை வீழ்த்த நினைக்கும் உறுப்பினர் தம் இருக்கையையும் இழக்கத் துணிய வேண்டும். அமெரிக்க மாநிலத் தலைவர்களை நினைவூட்டும் இந்த வலிமையைக் கண்டே இதழாளர் பழஞ்சொல்லைப் புதுப்பொருளில் எடுத்தாண்டனர் எனலாம். சட்டப்பெயரைவிட அதுவே பொருத்தமானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தன்னாட்சிச் சிறப்புரிமை பெற்ற ஆல்ப்ஸ் மலை வட்டாரமான வாலே தாவொஸ்தாவில் இம்மாற்றம் நிகழவில்லை. அங்குத் தலைவரை இன்னும் பேரவையே தெரிவு செய்கிறது. எனினும் பிற இடங்களில் ரோம் அரசு அமர்த்தும் ‘பிரெஃபெத்தோ’ என்னும் அதிகாரியின் பணிகளையும் அவரே ஆற்றுகிறார்.