ஊருக்காகப் பேசும் உரிமை: நகர்ப்புற மிகுபுனைவில் கதைத்தலைவியும் காதலும்

நகர்ப்புற மிகுபுனைவு நாவல்களில் கதைத்தலைவியின் வலிமையும் அவளுடைய காதலும் ஒன்றையொன்று தின்பவை என்ற கருத்து, இத்துறை ஆய்வுகளில் ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்குகிறது. இக்கருத்தினர் அவளுடைய வம்சாவளியை அமெரிக்கத் துப்பறியும் கதையிலிருந்து தொடங்குகிறார்கள். தனியாள், இடுப்பில் ஆயுதம், கசந்த பேச்சு, தன்மைக் கூற்று ஆகியவை அவளுக்கு அங்கிருந்து வந்த சொத்து. காதல் பின்னாளில் சந்தைக்காக ஒட்டப்பட்டது. அது வளர வளர அவள் தேய்கிறாள் என்பது அவர்கள் வாதம். இவ்வகையின் தொடக்ககால நாவல் ஒன்றை நிதானமாகப் படித்தால் இந்த வாதம் நிற்பதில்லை. அந்த நாவலில் வலிமையும் காதலும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. அந்த வேர் துப்பறியும் கதையைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது.

எம்மா புல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ 1987இல் வெளிவந்தது. முதல் நாவலுக்கான லோகஸ் விருதை 1988இல் பெற்றது. மேற்சொன்ன ஆய்வு மரபு இந்நூலை ஒரு முன்னோடியாகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். காரணம் வெளிப்படை: இதன் கதைத்தலைவி எடி மெக்கேண்ட்ரி துப்பறிபவள் அல்லள், கிட்டார் வாசித்துப் பாடுபவள். கதை தன்மையில் சொல்லப்படவில்லை, படர்க்கையில் நடக்கிறது. அவளிடம் துப்பாக்கி இல்லை. பரம்பரை மந்திரமும் இல்லை. துப்பறியும் கதையிலிருந்து இழுக்கும் கோட்டில் இந்நாவல் உட்காராது. கோட்டில் உட்காராத நூலை முன்னுரையாக்கி ஒதுக்குவதைவிட, கோடு சரியான இடத்திலிருந்து போடப்பட்டதா என்று பார்ப்பதே முறை.

சர்ச்சைக்குரிய பகுதி நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கதைத்தலைவி தோன்றுவதற்கு முன், மினியாபொலிஸ் நகரின் நடுவிலுள்ள நிக்கலெட் மாலில் இரண்டு மாய உயிர்கள் சந்திக்கின்றன. ஒன்று நாயாகவும் மனிதனாகவும் மாறக்கூடிய பூக்கா. மற்றொன்று நீரில் வாழும் கிளேஸ்டிக். ஃபேரி இனத்தின் இரு அரசவைகளான சீலியும் அன்சீலியும் அந்நகருக்காகப் போரிடவிருக்கின்றன. அந்தப் போருக்கு ஒரு மனிதப் பிறவி வேண்டும். அடுத்து, கச்சேரி முடிந்து இரவில் தனியே நடந்துவரும் எடி அதே தெருவில் துரத்தப்படுகிறாள். தான் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டதாக அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவள் சம்மதம் கேட்கப்படவில்லை. தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவனான பூக்காவே அவளுக்குக் காவலாக அவள் வீட்டில் குடியேறுகிறான். நாவலின் பிற்பகுதியில் அவள் காதலிப்பதும் அவனைத்தான்.

இதை முன்னைய ஆய்வு மரபு படிக்கும் முறை எளிது. பெண் பிறரால் தேர்ந்தெடுக்கப்படுகிறாள், காவலுக்குள் வைக்கப்படுகிறாள், காவலனையே காதலிக்கிறாள். ஆகவே காதல் என்பது கட்டாயத்துக்கு இடப்பட்ட இனிய பெயர். இந்த வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. நாவலே இந்த ஐயத்துக்கு இடம் கொடுக்கிறது. எடியும் தன்னை இழுத்துவிட்டவர்கள்மீது கொண்ட கோபத்தை எளிதில் விடுவதில்லை. ஆனால் இந்த வாசிப்பு அத்தொடக்கப் பகுதியில் பாதியைத்தான் படிக்கிறது. மனிதப் பிறவி எதற்காக வேண்டும் என்ற மறுபாதியைக் கடந்துபோய்விடுகிறது.

சாகக்கூடிய ஒருவர் களத்தில் நின்றால்தான் ஃபேரி இனத்தார் சாக முடியும். அவள் இல்லாவிட்டால் அவர்கள் போர் வெறும் விளையாட்டு. வெட்டுப்பட்டவர் எழுந்துவிடுவார், வெற்றியும் தோல்வியும் நிலைக்காது. எடி அங்கே கொண்டுபோகப்படுவது அவளிடம் ஏதோ அரிய ஆற்றல் இருப்பதால் அல்ல. அவள் சாவாள் என்பதால். அவளுடைய மிகப்பெரிய பலவீனம் எதுவோ அதுவே இரண்டு அரசவைகளுக்கும் இல்லாத, அவர்களால் உண்டாக்க முடியாத பொருள். ஆகவே அத்தொடக்கப் பகுதி ஒரு பெண்ணின் இயலாமையைக் காட்டுவதைவிட, அவளைத் தேர்ந்தெடுப்பவர்களின் இயலாமையைத்தான் முதலில் காட்டுகிறது. வாசகர் இதை எடிக்கு முன்பே அறிந்துகொள்கிறார். பேரம் பேசும் இடம் அவளுக்கு உண்டு என்பதும், அது அவளுக்கு இன்னும் தெரியாது என்பதும் அப்போதே வாசகருக்குத் தெரிந்துவிடுகின்றன. அவள் அந்த இடத்தைக் கண்டடைவதுதான் மீதிக் கதை.

அதை எப்படிக் கண்டடைகிறாள் என்பதில் நிகழ்ச்சிகளின் வரிசை முக்கியம். எடி முதலில் ஓர் ஆணை விட்டுவிலகுகிறாள்: தன் பழைய காதலனும் இசைக்குழுத் தலைவனுமான ஸ்டூவர்ட் கிளைனை. அடுத்துத் தோழி கார்லாவுடன் சேர்ந்து தனக்கென ஒரு குழுவைக் கட்டுகிறாள். அதில் சேரும் வில்லி சில்வர் என்ற அழகன்மீது காதல் கொள்கிறாள். அவன் உண்மையில் சீலி அரசவையின் உயர்குடியைச் சேர்ந்தவன், அதை மறைத்து வந்தவன் என்று பின்னர் தெரிகிறது. அந்தக் காதல் அதோடு நிற்கிறது. பூக்காவுடனான காதல் இதற்கெல்லாம் பிறகு வருகிறது. வில்லி தான் யார் என்பதை மறைத்தான். பூக்கா முதல் இரவிலேயே தான் இன்னான் என்று காட்டிவிட்டவன். அவன் செய்த தீங்கு மறைவில் இல்லை, அவளுக்கு முழுதும் தெரியும். மாதக்கணக்கில் அவள் வீட்டில் சமைத்துக்கொண்டும், அவள் வசவைக் கேட்டுக்கொண்டும், அவளுடைய குழுவோடு திரிந்துகொண்டும் இருந்த பிறகே அவன் காதலனாகிறான். கட்டாயம் காதலாக உருமாறியது என்று சொல்வதைவிட, கட்டாயப்படுத்தியவன் ஒவ்வொரு படியாகத் தன் அதிகாரத்தை இழந்த பிறகே காதலுக்கு இடம் கிடைத்தது என்று சொல்வது நூலுக்கு நெருக்கமானது.

இப்படியொரு வரிசை ஒரு முதல் நாவலில் தற்செயலாக அமைந்துவிடவில்லை என்று கருத இடமுண்டு. ஸ்காட்லாந்தின் எல்லைப்புறக் கதைப்பாடல்களில் இதன் அச்சு கிடைக்கிறது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 39ஆம் எண் கொண்ட ‘டாம் லின்’ கதைப்பாடலில், ஜேனட் என்ற பெண் தடைசெய்யப்பட்ட கார்ட்டர்ஹாக் காட்டுக்குள் போகிறாள். அங்கே ஃபேரி அரசியிடம் சிறைப்பட்டிருக்கும் டாம் லின் அவளை மறிக்கிறான். அவள் பின்வாங்குவதில்லை, அந்தக் காடு தனக்குரியது, தன் தந்தை தந்தது என்று சொல்கிறாள். பிறகு அவனை மீட்க, அவன் பாம்பாகவும் வேறு விலங்குகளாகவும் நெருப்பாகவும் உருமாறும்போதெல்லாம் கையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறாள். அதே தொகுப்பில் 37ஆம் எண் கொண்ட ‘தாமஸ் தி ரைமர்’ வேறொரு கதை: பாடுபவன் ஒருவனை ஃபேரி அரசி தன் பணிக்கு அழைத்துப்போகிறாள். எம்மா புல்லின் நாவலில் இரண்டும் ஒருத்தியிடம் வந்து சேர்கின்றன. மாய உலகம் பணிக்கு இழுத்துச் செல்லும் பாடகியும் அவள்தான். உருமாறுகிறவனைப் பற்றிக்கொண்டு அன்சீலி அரசியை எதிர்ப்பவளும் அவள்தான்.

புறச்சான்றும் இதற்கு ஒத்தாசையாக இருக்கிறது. எம்மா புல், வில் ஷெட்டர்லி, ஸ்டீவன் பிரஸ்ட், பமீலா டீன் முதலியோர் மினியாபொலிஸில் ‘ஸ்கிரிப்லீஸ்’ என்ற ஒரே எழுத்தாளர் குழுவில் இருந்தவர்கள். பமீலா டீன் 1991இல் ‘டாம் லின்’ என்ற பெயரிலேயே ஒரு நாவலை வெளியிட்டார். அதன் களமும் மினசோட்டாக் கல்லூரி ஒன்றை ஒத்தது. எம்மா புல் தாமே நாட்டார் இசையும் ராக் இசையும் கலந்த கேட்ஸ் லாஃபிங் குழுவில் பாடியவர். இக்கதைப்பாடலையோ 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு பதிவுசெய்திருந்தது. ஒரு வட்டத்தில் ஒரு கதைப்பாடல் புழங்கியதாலேயே குறிப்பிட்ட நூல் அதிலிருந்து பிறந்தது என்று அறுதியிட முடியாது. ஆயினும் துப்பறியும் கதையின் தொடர்பைக் காட்ட இந்த அளவு சான்றுகூட இல்லை.

ஜேனட் பேசும் நில உரிமைதான் இங்கே கவனிக்க வேண்டியது. கதைப்பாடலைப் பற்றிய பேச்சில் அவள் பற்றிய பிடியே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; அவள் முதலில் சொன்னது எளிதில் விடுபட்டுப்போகிறது. அவளுக்கும் அவனுக்கும் இடையே எழும் முதல் பேச்சே அந்த இடம் யாருடையது என்பதுதான். காதல் அந்த வழக்குக்குள் நடக்கிறது. ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ நாவலிலும் போரின் பொருள் ஊர்தான். சண்டை நடக்கும் களங்கள் மினெஹாஹா அருவி, செயின்ட் பால் நகரின் கோமோ பூங்காக் கண்ணாடி மாளிகை என வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. கடைசிக் களம் ஃபர்ஸ்ட் அவென்யூ இசையரங்கம். 1937இல் பேருந்து நிலையமாகத் திறக்கப்பட்டு 1970இல் இசையரங்கமாக மாறிய கட்டடம் அது. பாடகர் பிரின்ஸ் நடித்து 1984இல் வெளியான ‘பர்ப்பிள் ரெயின்’ படத்தின் பகுதிகள் அங்கே எடுக்கப்பட்டன. அந்த ஊர்க்காரர்கள் தங்களுடையதென்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மேடையில் நின்று, அன்சீலி அரசியை எடி வாளால் எதிர்க்கவில்லை. இசைப் போட்டிக்கு அறைகூவுகிறாள். போரின் வடிவத்தையே மாற்றி, தனக்குத் தெரிந்த தொழிலின் களத்துக்கு எதிரியை வரவழைக்கிறாள். முதல் இரவில் நடுத்தெருவில் துரத்தப்பட்டவள், இறுதியில் அந்த நகரின் பெயரால் நிபந்தனை விதிக்கிறாள்.

பூக்காவின் தோற்றத்தைச் சுட்டி ஓர் எதிர்வாதம் எழலாம். கருநிறத்தவனாக, பகட்டான உடையோடு, பிரின்ஸை நினைவூட்டும்படி வரையப்பட்ட ஒருவன் வெள்ளைப் பெண்ணுக்குச் சமைத்துப் பணிவிடை செய்கிறான் என்பது அமெரிக்கச் சூழலில் நெருடலுக்குரியது. இது நியாயமான வாதம்; அதற்குத் தனி ஆய்வு தேவை. ஆனால் அது நாவலின் இனப் பார்வையைப் பற்றியது. காதல் பெண்ணைப் பலவீனப்படுத்துகிறது என்பதற்குச் சான்றாகாது.  

இது ஒரு நூலின் தனித்தன்மை மட்டும்தானா என்பது அடுத்த கேள்வி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வந்த இரண்டு பெரிய தொடர்கள் இதற்கு விடை தருகின்றன. இரண்டும் தன்மைக் கூற்றில் அமைந்தவை, ஆயுதம் ஏந்தும் பெண்களைக் கொண்டவை, துப்புத் துலக்கும் கதைப்போக்கு உடையவை. முன்னைய ஆய்வு மரபு தனக்குச் சாதகமாக எண்ணும் நூல்களும் இவையே.

பேட்ரிஷியா பிரிக்ஸ் ‘மூன் கால்டு’ நூலோடு 2006இல் தொடங்கிய தொடரின் நாயகி மெர்சி தாம்ப்சன், வாஷிங்டன் மாநிலத்தின் ட்ரை சிட்டிஸ் பகுதியில் ஃபோக்ஸ்வேகன் வண்டிகளைப் பழுதுபார்ப்பவள்; கயோட்டி நரியாக மாறக்கூடியவள். ஓநாய் மனிதர் கூட்டத்தின் தலைவன் ஆடம், அவளைத் தன் துணை என்று கூட்டத்தின்முன் அவளைக் கேளாமலேயே அறிவிக்கிறான். காவலுக்காகத்தான், ஆனாலும் கேளாமல்தான். பூக்கா எடிக்குச் செய்ததும் இதுவே. அந்த அறிவிப்புக்கும் திருமணத்துக்கும் இடையே ஐந்து நாவல்கள் கிடக்கின்றன. 2011இல் வந்த ஆறாவது நூலான ‘ரிவர் மார்க்டு’ தொடக்கத்தில்தான் திருமணம் நடக்கிறது. ஒரு நூலுக்குள் காதலை முடித்துவைக்க வேண்டிய மாயக் காதல் நாவலுக்கு இந்த நீளம் கிடைக்காது. அவன் எடுத்துக்கொண்ட உரிமையைத் திருப்பிப் பெற்று, தன் விருப்பமாக மீண்டும் கொடுப்பதற்கு அவளுக்கு ஐந்து நூல்கள் வேண்டியிருக்கின்றன. பிறகு 2016இல் வந்த ‘ஃபயர் டச்டு’ நூலில், கொலம்பியா ஆற்றுப் பாலத்தின்மேல் நடந்த மோதலுக்குப்பின், ட்ரை சிட்டிஸ் தங்கள் ஆட்சிப்பகுதி என்றும் அங்குள்ளோர் தங்கள் காவலில் உள்ளவர் என்றும் அறிவிப்பவள் மெர்சி. ஆடமையோ கூட்டத்தையோ அவள் கலந்துகொள்ளவில்லை. அன்று கேளாமல் அறிவித்தவன் அவன். இன்று கேளாமல் அறிவிக்கிறவள் அவள். அவன் அவள் சொல்லின் பின்னால் நிற்கிறான்.

இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் எழுதும் தம்பதியரின் தொடர் ‘மேஜிக் பைட்ஸ்’ நூலோடு 2007இல் தொடங்கியது. அட்லாண்டாவின் கூலிப்படை வீராங்கனை கேட் டேனியல்ஸுக்கும் உருமாறிகளின் தலைவன் கரனுக்கும் இடையேயான உறவு இதில் வளர்கிறது. 2014இல் வந்த ஏழாவது நூலான ‘மேஜிக் பிரேக்ஸ்’ முடிவில், நகரைக் கைப்பற்ற வரும் தன் தந்தை ரோலண்டை எதிர்த்து அட்லாண்டாவைத் தனதென்று உரிமை கொள்கிறாள் கேட். அதையொட்டி ஏற்பட்ட உடன்பாட்டில் கரன் தன் தலைமைப் பதவியை விட்டு விலகுகிறான். அவள் நகரைப் பெறுகிறாள், அவன் ஆட்சியை விடுகிறான். காதல் அவளைத் தேய்த்தது என்ற கருத்துக்கு இந்த முடிவை விளக்க வழியில்லை.

லாரல் கே. ஹாமில்டனின் அனிட்டா பிளேக் தொடர் இந்த வாதத்துக்கு எதிராகத் தவறாமல் நிறுத்தப்படும் சான்று. 1993இல் ‘கில்ட்டி பிளெஷர்ஸ்’ நூலோடு தொடங்கிய அத்தொடர் துப்பறியும் கதைக்கு மிக நெருக்கமானது. அனிட்டா செயின்ட் லூயிஸில் இறந்தோரை எழுப்புபவள், சட்டப்படி இரத்தக் காட்டேரிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றுபவள். 2001இல் வந்த பத்தாவது நூல் ‘நார்சிசஸ் இன் செயின்ஸ்’ முதல் காமமும் உறவுச் சிக்கல்களும் கதையை நிரப்பிவிட்டன என்பது பரவலான குறை, குறை பொய்யன்று. ஆனால் இதற்குக் காதல்தான் காரணம் என்றால், முதல் ஒன்பது நூல்களைப் பற்றி என்ன சொல்வது? அவற்றிலும் அனிட்டாவுக்குக் காதல் உண்டு; காட்டேரித் தலைவன் ழான் கிளோடும் ஓநாய் மனிதன் ரிச்சர்டும் அவளுக்காகப் போட்டியிடுகிறார்கள். அங்கே அவள் சற்றும் தேயவில்லை. அந்நூல்களில் பெரும்பாலானவற்றில் அவள் காவல்துறையோடு சேர்ந்து பிண அறைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் செயின்ட் லூயிஸ் மக்களின் சாவுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். காதலர்களோடு அவள் போட்ட சண்டைகளும் அந்த வேலையைப் பற்றியே இருந்தன. பிந்தைய நூல்களில் காதலுக்கு முன்னால் நகரம் மறைகிறது. கொலை வழக்குகள் ஒப்புக்கு வந்துபோகின்றன. அவளுடைய முடிவுகள் படுக்கையறையைச் சுற்றியுள்ள சிறு கூட்டத்தின் அதிகாரத்தைப் பற்றியவையாகச் சுருங்குகின்றன. யார் பொருட்டுப் பேசுகிறாள் என்ற கேள்விக்கு அந்நூல்களில் விடை இல்லாமல் போன பிறகுதான், அவளுடைய காதலும் வாசகருக்குச் சுமையாகத் தெரியத் தொடங்கியது.