நிலவின் செப்புத்தகட்டு வரைபடங்கள்

நிலவின் செப்புத்தகட்டு வரைபடங்கள் என்பன, தொலைநோக்கி வழியாகக் கண்ட நிலவின் மேற்பரப்பைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்கள் ஆகும். இவை 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் உருவாயின. நிலவின் கடல்களுக்கும் மலைகளுக்கும் கிண்ணக்குழிகளுக்கும் இன்று வழங்கும் பெயர்களுள் பல இவற்றிலிருந்து வந்தவையே.

செய்முறை

கூரிய உளியால் தகட்டில் கோடுகள் கீறப்படும். மை பூசித் துடைத்தால் அது கீறல்களில் மட்டும் தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து அழுத்தப் படம் பதியும். தமிழக மன்னர்களின் செப்பேடுகள் தகட்டிலேயே படிப்பதற்காக வெட்டப்பட்டவை. இங்கோ தகடு அச்சு மட்டுமே என்பதால், படத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நிழலையும் கோடுகளின் நெருக்கத்தால்தான் காட்ட இயலும். ஆகவே வானியலாளர் கண்டது வாசகரை அடைவது செதுக்குபவரின் கைத்திறனைப் பொறுத்தே இருந்தது. 1630களில் பிரெஞ்சுக் கலைஞர் குளோட் மெலான் செதுக்கிய மூன்று படங்கள் மிக அழகானவை. ஆனால் அவற்றில் பெயர்கள் இல்லை.

பெயரிடும் போட்டி

1645 முதல் 1651 வரையான ஆறே ஆண்டுகளில் மூவர் நிலவு முழுவதற்கும் தனித்தனியே பெயர் சூட்டினர். முதலாமவர் மைக்கேல் வான் லாங்ரன். எசுப்பானிய மன்னரின் ஆதரவை நாடிய இவர், நிலவின் மிகப் பெரிய கடலுக்கு மன்னர் பிலிப்பின் பெயரை வைத்தார். அப்பெயர் நிலைக்கவில்லை. ஒரு குழிக்கு அவர் இட்ட தம் சொந்தப் பெயர் நிலைத்துவிட்டது!

டான்சிக் நகரின் ஜோகன்னஸ் ஹெவெலியஸ் தாமே நோக்கி, தாமே செதுக்கி, 1647 இல் "செலனோகிராஃபியா" நூலை வெளியிட்டார். இவர் புவியின் இடப்பெயர்களை நிலவுக்கு வழங்கினார். அவற்றுள் ஆல்ப்ஸ், அப்பெனைன் போன்ற சில மலைப்பெயர்களே எஞ்சியுள்ளன.

1651 இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி ரிச்சோலி, கிரிமால்டி வரைந்த படத்தில் குழிகளுக்கு அறிஞர்களின் பெயர்களை இட்டார். புவி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையைத் திருச்சபை தடைசெய்திருந்த காலம் அது; ரிச்சோலியும் அதை மறுத்து எழுதியவர். ஆயினும் கோபர்நிக்கஸ், கெப்ளர் ஆகியோருக்குக் கண்ணில் படும் ஒளிமிக்க குழிகளையே அளித்தார். அவற்றைச் சூழ்ந்த, லாங்ரன் மன்னருக்கு அளித்திருந்த கடலைப் "புயல்களின் பெருங்கடல்" ஆக்கினார். 1969 இல் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலும் அவர் இட்ட பெயரே.

பிற்காலம்

பாரிசில் காசினி 1679 இல் வெளியிட்ட பெரிய படத்தில், ஒரு முனை பெண்ணின் முகமாகச் செதுக்கப்பட்டுள்ளது. டோபியாஸ் மேயர் குழிகளின் இருப்பிடங்களை நுண்ணளவி கொண்டு அளந்தார். அவரது படம் அவர் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னர், 1775 இல் அச்சாயிற்று. 1834-36 இல் பீர், மேட்லர் இருவரும் வெளியிட்ட படம் கல்லச்சில் அமைந்தது. பின்னர் ஒளிப்படம் வந்தது.

அறிஞர் பெயரிடும் ரிச்சோலியின் முறையைப் பன்னாட்டு வானியல் ஒன்றியமும் பின்பற்றுகிறது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் 1861 முதல் 1891 வரை இருந்த நார்மன் போக்சன் பெயரிலும் ஒரு குழி உண்டு. அது நிலவின் மறுபக்கத்தில் இருப்பதால் மேற்கண்ட எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை.